டில்லி மருந்துக்கடையின் மூன்று அட்டைப்பூச்சிகள்

வாட்டில்ஃபோர்டில் மழை வருமா என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஊரே சிரிக்கும். டில்லி மருந்துக்கடைக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிச் சாடியைப் பார்க்க வேண்டும். அதற்குள் மூன்று அட்டைப்பூச்சிகள். மூன்றும் மேலே ஏறி, சாடியின் வாயில் கட்டியிருக்கும் மெல்லிய துணியை முட்டிக்கொண்டு நின்றால் கனமழை நிச்சயம். பாதி உயரத்தில் நெளிந்தால் தூறல். அடியில் சுருண்டு கிடந்தால் தைரியமாகப் போர்வை துவைக்கலாம், புல் அறுக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் மற்ற ஊர்க்காரர்கள் பாரோமீட்டர் வைத்துக்கொண்டு பெருமை அடித்துக்கொண்டார்கள். டில்லிகூட ஒன்று வரவழைத்தார். லண்டனிலிருந்து கப்பலில் வந்த பெட்டியைத் திறந்தபோது கண்ணாடித் தூளும் பித்தளை வளையமும்தான் இருந்தன. அட்டைகளோ அதே கப்பலில் சொகுசாக வந்து இறங்கியிருந்தன. அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் நம்பவில்லை.

மூன்றுக்கும் ஊரே பெயர் வைத்திருந்தது. தடித்தது நீதிபதி. கறுத்தது பிஷப். எப்போதும் முதல் ஆளாக மேலே ஏறுவது புரூடன்ஸ் அத்தை. அந்தப் பெயரில் ஊரில் நிஜமாகவே ஒரு பெண்மணி இருந்தாள். எங்கே வம்பு என்றாலும் முதலில் மூக்கை நீட்டுவாள். சாடிக்குள் தன் பெயரில் ஒன்று நெளிகிறது என்பது மட்டும் அவள் காதுக்குப் போகவில்லை.

ஆம்புரோஸ் டில்லிக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. படித்த டாக்டர் முப்பது மைல் தள்ளி இருந்ததால் ஊர் இவரைத்தான் 'டாக்டரே' என்று கூப்பிட்டது, பாதி மரியாதையும் பாதி நக்கலுமாக. பல் பிடுங்குவார், மாத்திரை உருட்டுவார், குதிரைக்கு வயிற்றுவலி என்றாலும் இவரிடம்தான் வருவார்கள். இவருடைய இருமல் மருந்தைக் குடிப்பதைவிட இருமிக்கொண்டே இருந்துவிடலாம் என்று சொல்பவர்கள் பலர். ஆனால் ஒரு விஷயத்தில் மனிதரைச் சும்மா சொல்லக் கூடாது. யார் என்ன வாங்கினார்கள் என்பது அவர் வாயிலிருந்து வரவே வராது. பாதிரியார் தலைமுடிக்குச் சாயம் வாங்குவதும், ஆறடி உயரப் போலீஸ்காரர் குடல்பூச்சிக்கு மாத்திரை வாங்குவதும் அவர் கட்டும் வெள்ளைக் காகிதப் பொட்டலத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஊர் ரகசியம் அத்தனையையும் விழுங்கியவர், சொந்த ரகசியம் ஒன்றையும் விழுங்கி வைத்திருந்தார். அதன் பெயர் டாம்சின் பாஸ்கோ.

டாம்சின் ஒரு விதவை. ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு கொட்டகை, மாடு வைத்து வெண்ணெய் எடுத்து விற்கிற பிழைப்பு. மாட்டு மடிக்குத் தடவும் களிம்புக்காக வாரம் ஒரு தடவை கடைக்கு வருவாள். களிம்பைப் பொட்டலம் கட்ட மற்றவர்களுக்கு அரை நிமிஷம் போதும். அவளுக்கு மட்டும் காகிதத்தை இரண்டு தடவை மடித்து, நூலை நாலு பக்கமும் சுற்றி, ஏழு முடிச்சுப் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து டில்லி கொடுப்பார். அவ்வளவு நேரமும் அவள் எதிரில் நிற்பாள் அல்லவா, அதற்காக. மூன்று வருஷமாக இதுதான் அவருடைய காதல். அந்த நேரத்தில் அவர் பேசியது எல்லாமே அட்டைகளைப் பற்றித்தான்.

போன வருஷம் டாம்சினின் புல் மழையில் நனைந்து அழுகிவிட்டது. குளிர்காலத்தில் போட ஒன்றும் இல்லாமல் மூன்று மாட்டில் ஒன்றை விற்றாள். அன்றைக்கு டில்லியின் கடையில் வந்து நின்று அழுதாள். ஜீலாங் நகரத்திலிருந்து அக்கா கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள், நிலத்தை விற்றுவிட்டு வந்துவிடு என்று. "இந்த வருஷமும் புல் நனைஞ்சா போயிட வேண்டியதுதான் டாக்டரே, என்னால முடியல," என்று டாம்சின் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து டில்லிக்குத் தன்னுடைய ஜீரண மாத்திரையே வேலை செய்யவில்லை.

அங்கே கோடை தொடங்கும் நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கடையின் பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால் மர்டோ கிளென்னி. மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். தொப்பியை மூக்கு வரை இழுத்து விட்டிருந்தார்.

"டில்லி, உள்ள யாரும் இல்லையே?"

"நான் இருக்கேன்."

"யோவ், உன்னைக் கேக்கல." உள்ளே வந்து தொப்பியைத் தூக்கினார். இரண்டு கண்ணும் வீங்கி, பழுத்த பிளம் பழ நிறத்தில் இருந்தன. "பம்பு கைப்பிடி அடிச்சிடுச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ரெண்டு தடவை அடிச்சிது."

டில்லி மேலே கேட்கவில்லை. கிளென்னிக்கு வயிறு சரியில்லை என்று மாதம் ஆறு பாட்டில் டானிக் கொடுத்துவந்தவர் அவர்தான். அந்த டானிக்கில் இஞ்சி கொஞ்சம், ஏலக்காய் கொஞ்சம், மீதி எல்லாம் பிராந்தி. ஆறு பாட்டிலையும் ஒரே நாளில் குடித்தால் பம்பு கைப்பிடி என்ன, பம்பே எழுந்து வந்து அடிக்கும்.

"நாளைக்கு மெல்போர்ன்லேருந்து சங்கத்துப் பெரியவங்க வராங்கய்யா. மேடையில நடுநாயகமா நான் உக்காரணும். அட்டை விட்டு வீக்கத்தை எடுத்துடு."

கறுத்த கண்ணுக்கு அட்டை விடுவது அந்த ஊரில் புதிதல்ல. அதற்கென்று வாடகை அட்டைகள் பின்னறைச் சாடியில் இருக்கும். ஆனால் சனிக்கிழமைதான் பக்கத்து ஊரோடு கிரிக்கெட் நடந்திருந்தது. ஆட்டம் முடிந்து நடந்த அடிதடியில் அத்தனை அட்டையும் வாடகைக்குப் போய்விட்டன.

"அப்ப முன்னாடி இருக்கே, அந்த மூணு?"

"ஐயய்யோ, அது மழை பாக்குறது! அதைத் தொடக் கூடாது. ரத்தம் குடிச்சுதுன்னா மாசக்கணக்குல அசையாது."

"ஊர்ல எல்லாரும் புல்லை அறுத்து உள்ள வெச்சாச்சு. இனிமே எவன் மழை கேக்கப் போறான்? ஒரு மணி நேரம், டில்லி. கை எடுத்துக் கும்பிடறேன்."

டாம்சினின் புல்லும் உள்ளே போயிருக்கும் என்று டில்லி நினைத்துக்கொண்டார்; முடியாது என்று சொல்லவும் அவருக்கு என்றைக்குமே வந்ததில்லை. நீதிபதியையும் புரூடன்ஸ் அத்தையையும் ஆளுக்கொரு கண்ணுக்கு விட்டார். மிச்சத்துக்குப் பிஷப். மூன்றும் சங்கத் தலைவரின் ரத்தத்தைக் குடித்து விரல் தடிமனாகி, தாமாகவே கழன்று விழுந்தன. சாடியில் போட்டதும் அடிக்குப் போய்க் கல்லாகக் கிடந்தன. வீக்கம் வடிந்தது. கறுப்பு போகவில்லை. பெண்கள் பூசிக்கொள்ளும் முகப்பவுடர் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கிளென்னி பின்கதவு வழியே போனார்.

மறுநாள் காலை கடை திறந்த உடனே வந்தாள் டாம்சின். ஊரில் புல் அறுக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று, டக்கெட்டுடையது. எல்லார் வயலும் முடிந்து அன்றைக்குத்தான் அவள் முறை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் கிளென்னி, முகமெல்லாம் பவுடரோடு, மேடைப் பேச்சுக்காகத் தொண்டை வில்லை வாங்கிக்கொண்டு நின்றார்.

"டாக்டரே, என்ன சொல்றாங்க உங்க ஆளுங்க?" டாம்சின் குனிந்து சாடியைப் பார்த்தாள். "அடேயப்பா, மூணும் அடியில கட்டையா கிடக்கே! புரூடன்ஸ் அத்தைகூட அசையல. டக்கெட்டை வரச் சொல்லிடறேன்."

"மிஸஸ் பாஸ்கோ... அதுங்களுக்கு இன்னைக்குக் கொஞ்சம் அலுப்பா இருக்கும்போல."

"அட்டைக்கு என்ன அலுப்பு? ஏர் உழுதுட்டு வந்திச்சா?"

கிளென்னி பலமாக இருமினார். டில்லிக்குக் காது மடல் சுட்டது.

"இல்ல, ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாமேன்னு..."

"பொறுத்தா டக்கெட் அடுத்த ஊருக்குப் போயிடுவாரு. இழுக்காம சொல்லுங்க. மழை வருமா, வராதா?"

அவர் அவளைப் பார்த்தார். கிளென்னியைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் சாடியைப் பார்த்தார்.

"அடியிலதான் இருக்கு," என்றார்.

பொய் இல்லைதான். இதைப் பொய் இல்லை என்று சொல்லிக்கொள்கிற மனுஷனை நாலு சாத்து சாத்த வேண்டாமா? அவள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள். மத்தியானத்துக்குள் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து இயந்திரத்தின் கடகட சத்தம் கேட்டது. டில்லி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

புதன் நல்ல வெயில். வியாழனும் நல்ல வெயில். டாம்சினின் புல் வயலில் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை டக்கெட்டின் வண்டி அடுத்த ஊரிலிருந்து வந்து ஏற்றி, கொட்டகையில் சேர்த்துவிட்டால் முடிந்தது. தெய்வம் தன்னைக் காப்பாற்றிவிட்டது என்றே டில்லி நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பேதி உப்பு வாங்க ஒருவர் வந்தார். டில்லி இழுப்பறையில் கரண்டியை விட்டார், இறங்கவில்லை. உப்பு கட்டிதட்டியிருந்தது. பெப்பர்மிண்ட் வில்லைகளைத் திறந்தார். ஒன்றை எடுத்தால் ஐந்து சேர்ந்து வந்தது. அதிமதுரக் குச்சி ஒடியாமல் வளைந்தது. முந்தின நாள் உருட்டிய மாத்திரைகள் திராட்சைக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே வானம் பளிச்சென்று நீலம். சாடியில் மூன்றும் தூக்கம்.

இந்த இழுப்பறைகளோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவர் அவர். உப்பு இறுகி, வில்லை ஒட்டி, அதிமதுரம் வளைந்த நாளில் சாயங்காலத்துக்குள் மழை கொட்டாமல் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை வருஷமும் கை சொன்னதைக் கேட்காமல் பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பேதி உப்புக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் டில்லி கடை பூட்டியதை ஊர் பார்த்ததே இல்லை. யார் செத்துப்போனது என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நிஜப் புரூடன்ஸ் அத்தை விசாரித்தாள். அவர் நிற்காமல் நேராகக் கிளென்னி வீட்டுக்குப் போனார். ஊரில் பெரிய வண்டி அவரிடம்தான் இருந்தது, இரட்டைக் குதிரை வண்டி.

"மிஸஸ் பாஸ்கோ வயலுக்கு உங்க வண்டி வேணும். இப்பவே. நீங்களும் வரணும்."

"வெயில் பொளக்குது, மழைங்கறியா? போய்யா, எனக்கு வேற வேலை இருக்கு."

"சரி," என்றார் டில்லி. "சாயங்காலம் மழை கொட்டும். அட்டை ஏன் ஏறலன்னு ஊரே வந்து கேக்கும். யார் என்ன வாங்கினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆனா எனக்குப் பொய்யும் சொல்ல வராது. நின்னு முழிப்பேன். முழிக்கிறப்ப என் கண்ணு யார் பக்கம் போகும்னு எனக்கே தெரியாது."

கிளென்னி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ இவ்வளவு பெரிய போக்கிரின்னு தெரியாமப் போச்சே," என்று சொல்லிவிட்டுக் குதிரையைப் பூட்டப் போனார்.

டாம்சின் வயலில் புல்வாரியால் புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டும் கடை ஏப்ரனுமாக டில்லி வண்டியிலிருந்து குதித்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன டாக்டரே, புல்லுக்கு இருமலா?"

"மழை வருது. இப்பவே உள்ள போட்டாகணும்."

"அட்டை ஏறிடுச்சா?"

"இல்ல. அதுங்க ஏறாது. திங்கக்கிழமையே வயிறு முட்ட ரத்தம் குடிச்சிடுச்சுங்க. நான்தான் விட்டேன்."

சிரிப்பு நின்றது. "திங்கக்கிழமையா? அப்ப செவ்வாய்க்கிழமை நான் கேக்கறப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நின்னீங்க."

"நின்னேன்."

"யார் ரத்தம்?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

வண்டியில் கிளென்னி குதிரையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது.

"போன வருஷம் நான் உங்க கடையில வந்துதானே அழுதேன்?" டாம்சின் புல்வாரியைத் தரையில் ஊன்றினாள். "இந்தப் புல்லு போனா எனக்கு ஊரே இல்லன்னு உங்களுக்குத் தெரியும். எவனோ ஒருத்தன் மானத்துக்காக வாயை மூடிக்கிட்டு நின்னீங்களே, மனுஷனா நீங்க?"

டில்லிக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது. "திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஏத்திக்கிட்டே திட்டுங்க," என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். எதை நம்பினாளோ, இன்னொரு புல்வாரியை எடுத்து அவர் நெஞ்சில் எறிந்தாள்.

மாத்திரை உருட்டிய கை எத்தனை நேரம் புல் தூக்கும்? முதல் வண்டியிலேயே உள்ளங்கை கொப்பளித்தது. இரண்டாவது வண்டியில் கொப்புளம் உடைந்தது. கிளென்னி மேலே நின்று அடுக்கினார், தலையிலிருந்து வேர்வை ஆறாக ஓடியது. மூன்றாவது வண்டி பாதி ஏறியபோது மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பியது. அப்போதுதான் டாம்சின் நிமிர்ந்து கிளென்னியின் முகத்தைப் பார்த்தாள். பவுடர் முழுக்கக் கரைந்து தாடிக்கு இறங்கியிருந்தது. இரண்டு கண்ணும் அப்பட்டமாகத் தெரிந்தன.

"மிஸ்டர் கிளென்னி, கண்ணுல என்ன?"

"பம்பு கைப்பிடி."

"ரெண்டு தடவை அடிச்சிதோ?"

"ரெண்டு தடவை."

அவள் திரும்பி டில்லியைப் பார்த்தாள். டில்லி கீழே குனிந்து, இல்லாத புல்லை வாரினார். டாம்சினின் உதட்டோரம் துடித்தது. உடனே இறுக்கிக்கொண்டாள்.

கடைசி வண்டி கொட்டகைக்குள் நுழையவும் முதல் இடி விழவும் சரியாக இருந்தது. கூரைத் தகரத்தில் மழை அறைந்தது. டாம்சின் புல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அப்படியே அதில் முகத்தை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இன்னைக்கு வந்ததுக்கு நன்றி. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எனக்குக் கோவம் ஆறல. ரெண்டும் வேற வேற. போயிட்டு வாங்க."

கிளென்னி வண்டியில் ஏறச் சொன்னார். டில்லி ஏறவில்லை. தண்டனையாக இருக்கட்டும் என்று கொட்டும் மழையில் ஒன்றரை மைல் நடந்தார். மறுநாள் மார்புச்சளி. வேறு வழியில்லாமல் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னுடைய இருமல் மருந்தைக் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. ஊர் ஜனங்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை கடை திறந்தபோது கூட்டம். "என்ன டாக்டரே, ஊரே முழுகற மாதிரி கொட்டிச்சு, நீதிபதி தூங்கறாரு?" "பிஷப்புக்கு வயசாயிடுச்சோ?" கிளென்னி மூலையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். டில்லி சாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்துவிட்டு வந்தார். "அதுங்களை இனிமே கேக்காதீங்க. கேக்கணும்னா என்னைக் கேளுங்க," என்றார். ஊருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பூச்சி பரவாயில்லை, கூடவே இருமல் மருந்தை விற்காது என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அந்த வாரம் களிம்பு வாங்க டாம்சின் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஜீலாங்குக்குத் தபால் போட்டாளாம் என்று புரூடன்ஸ் அத்தை செய்தி கொண்டுவந்தாள். அன்றைக்கு டில்லி ஒருவருக்குத் தலைவலிப் பொடிக்குப் பதில் பல்பொடியைக் கட்டிக் கொடுத்தார். நல்லவேளை, தலைவலி அதிலேயே போய்விட்டது.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். டில்லியின் கையில் துணிக்கட்டு இன்னும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு எழுதிட்டேன்."

"ம்."

"வரலன்னு எழுதிட்டேன். மாட்டுக்குப் புல்லு இருக்கே, எதுக்குப் போகணும்?"

டில்லிக்கு மூச்சு வந்தது. அவள் கல்லாவில் சாய்ந்துகொண்டாள்.

"சரி, டாக்டரே. மழை வருமா?"

அவர் கண் தன்னால் சாடி இருந்த இடத்துக்குப் போனது. பலகையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வராது," என்றார். "ஞாயித்துக்கிழமை வெயில்தான். சர்ச்சுல நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு சொன்னா."

டாம்சின் முழுசாக ஒரு நிமிஷம் அவரைத் தவிக்கவிட்டாள். செவ்வாய்க்கிழமைக்கான கணக்கு அது.

"இதைச் சொல்ல மூணு வருஷமா எந்தப் பூச்சி மேல ஏறணும்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். "வாசிக்கச் சொல்லுங்க. இப்ப களிம்பைக் குடுங்க, மாடு காத்துக்கிட்டு இருக்கு."

அன்றைக்குப் பொட்டலத்தை அவர் ஒரே முடிச்சில் கட்டிக் கொடுத்தார்.